தெரசாவை ஏன் அவளுக்குக் கொடுத்தாய்?

இன்று காலையும் செக்போஸ்ட்டுக்கு முந்தைய வளைவில் புஷ்பம் எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். ஜீப் முழுக்க அந்த வாசனை. உடனே நீ வந்தாய். வந்தாய் என்றால் நேராக என்னிடம் வரவில்லை. முதலில் அவள் முகம், பிறகு அவளுக்குப் பழத்தை நீட்டும் உன் கை, அதற்கும் அப்புறம்தான் நீ. நீ உயிரோடு இருந்தபோதுதான் உனக்கும் எனக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். போன பிறகும் உன்னை நினைக்க நான் அவளைத் தாண்டித்தான் வர வேண்டுமா? இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன இருக்கிறது, சொல்.

நமக்குள் கடிதம் எழுதிக்கொள்ள அவசியமே வந்ததில்லை. கம்பத்தில் ஜீப் ஏறி, மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்து ஏலக்காட்டில் இறங்கும் வரை முழங்கால் இடிக்க உட்கார்ந்து போனவர்கள் நாம். சாயங்காலம் அதே ஜீப்பில் அதே முழங்கால். சொல்ல வேண்டியதை எல்லாம் வாயாலேயே சொல்லித் தீர்த்தோம். ஒன்றே ஒன்றைத்தான் நான் கேட்காமல் விட்டேன். தெரசாவை ஏன் என்னிடமிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்தாய்? அதற்கான பதில் இந்தக் கல்லறைத் திருநாளன்று கிடைத்துவிட்டது. கிடைத்தும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரம்பம் உனக்கு ஞாபகம் இருக்கும். மழைக்காலம். மேலே பாறை சரிந்து, முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் புலம்பிக்கொண்டிருந்தோம். லேட்டாகப் போனால் சூப்பர்வைசர் திட்டுவார், பாதி நாள் வேலை போய்விடும் என்று பேச்சியம்மா அழாத குறை. அப்போது நீ சொன்னாய்: "இந்த லாரிக்காரனாச்சும் மத்தியானத்துக்குள்ள நகந்துருவான். நேத்து டிவில ஒரு கப்பலப் பாத்தேன். ஆகாசத்துல போற கப்பலு. அதுல ஏறுனவ எறங்க முடியாதாம். அவ பேத்திதான் எறங்குவாளாம்."

உன் வீட்டுக்காரர் கேபிள் ஆபீசில் லைன் வேலை பார்த்தார். அதனால் உன் வீட்டு டிவியில் வராத சேனலே கிடையாது. எங்கள் வீட்டில் மாமனாருக்குச் செய்தி, மாமியாருக்கு சீரியல். வெளிநாட்டுக்காரர்கள் எடுத்து, தமிழில் பேசவைத்த அந்தத் தொடர் உனக்கு மட்டும்தான் கிடைத்தது. பூமி வாழ லாயக்கில்லாமல் போய், ஒரு கப்பல் நிறைய ஜனம் வேறொரு மண்ணைத் தேடிப் போகிறது, போய்ச் சேர மூன்று தலைமுறை ஆகும். கதை அவ்வளவுதான். லாரி நகர்ந்தபோது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அன்றையிலிருந்து அது நம் ஜீப்பின் வழக்கமானது. வாரம் ஒருநாள் நீ பார்ப்பாய், ஆறுநாள் பிரித்துப் பிரித்துச் சொல்வாய். ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டோம். "என் ஆளு என்ன ஆனா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஒவ்வொருத்தியும் ஏறுவாள். தன் ஆளு கேவலமாக ஏதாவது செய்துவிட்டால் காட்டில் டீ குடிக்கும் வரை அவளைக் கேலி செய்து தீர்ப்போம். ஆளு செத்துப்போனால் சொந்தக்காரி மறுநாள் எல்லோருக்கும் சுண்டல் அவித்துக் கொண்டுவர வேண்டும். கப்பல் டாக்டர் செத்தபோது பேச்சியம்மா தட்டாம்பயறு கொண்டுவந்தாள். நிஜமாகவே கண் கலங்கி அவள் பங்கு வைத்ததையும், பக்கத்து ஜீப்புக்காரிகள் "யாரு வீட்டுல துக்கம்?" என்று விசாரித்ததையும் சொல்லி எத்தனை தடவை சிரித்திருப்போம்.

நான் முதல் நாளே தெரசாவைப் பிடித்துக்கொண்டேன். டிவியில் அவள் பெயர் டெஸ்ஸா. மாதா கோயில் பிள்ளையான உன் வாயில் அது தெரசா ஆகிவிட்டது. கப்பலில் தண்ணீர் சுத்தம் செய்யும் அறையில் வேலை. பயந்தாங்கொள்ளி. நகம் கடிப்பாள், பொய் சொல்வாள், எல்லோருக்கும் அளந்து விடுகிற தண்ணீரில் தனக்கென்று கொஞ்சம் ஒளித்து வைப்பாள். பழி ஒரு கிழவர் மேல் விழுந்தபோது வாயைத் திறக்காமல் நின்றாள். அன்று என்னை நீங்கள் எல்லோரும் 'தண்ணித் திருடி' என்று கூப்பிட்டே கொன்றீர்கள்.

"சிரிங்கடி. அவ மாறுவா, பாருங்க," என்றேன்.

"மாறுனா சொல்றேன்," என்றாய் நீ.

எனக்கு அவளை ஏன் பிடித்தது என்று நீ கேட்டதில்லை. நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாழ்க்கையில் ஒரு சில்லறைப் பொய்கூட எனக்குச் சொல்ல வராது. பன்னிரண்டாவது வரை படித்ததாலோ என்னவோ, யார் எதைப் பிசகாகச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க முடியாது. உன்னையே விட்டதில்லை. "போன வாரம் கதவு இடப்பக்கம்னு சொன்ன, இப்ப வலப்பக்கம்ங்கிற?" என்பேன். "ஆத்தாடி, ஆரம்பிச்சுட்டா," என்று நீ தலையில் கை வைப்பாய். அப்படிப்பட்ட எனக்கு ஒரு திருடி கொஞ்சம் கொஞ்சமாக நேராவதைக் கேட்க ஆசையாக இருந்தது. அந்தக் கிழவரிடம் போய் அவள் உண்மையைச் சொன்ன அன்று நான் காட்டில் வேலையே செய்யவில்லை. செடிக்கடியில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு புஷ்பம் வந்தாள்.

அவளைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்றுதான் பார்க்கிறேன். புருஷன் திருப்பூருக்கு ஓடிப்போயிருந்தான். சின்னவள். பேச்சு பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. முதல் நாளே மூன்றாவது வளைவில் வாந்தி. நீ உடனே என்னைப் பார்த்து, "ஏடி, நீ செத்த உள்ள தள்ளி உக்காரு. பிள்ளைக்குக் காத்து வேணும்," என்றாய். பின்பக்க ஓரத்தில் நீ, உனக்கு அடுத்த இடம் அத்தனை வருஷமாக என்னுடையது. தள்ளி உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு என்று நினைத்துத் தள்ளினேன். அதற்குப் பிறகு அந்த இடம் எனக்குத் திரும்பி வரவே இல்லை. மனிதர்களுக்கு ஒரு வருஷத்தில் மலைப்பாதை பழகிவிடும். அவளுக்கு மட்டும் இன்றுவரை பழகவில்லை!

இன்னொன்று. உன்னை அவள் அக்கா என்றாள், என்னை மதினி என்றாள். இரண்டும் மரியாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அக்கா கூடப் பிறந்தவள், மதினி வீட்டுக்கு வந்தவள். இதைக்கூடவா கவனிப்பாய் என்று நீ சிரிப்பாய். கவனித்தேன்.

அவள் வந்த இரண்டாவது வாரம், கப்பலில் எல்லா ஆட்களும் பங்கு போயிருந்தார்கள். அவளுக்கு ஆள் இல்லை. நீ ஒரு நிமிஷம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய்: "நீ தெரசாவ எடுத்துக்க. இவளுக்கு வேற ஆளு இருக்கு."

"எனக்கு எவ?"

"கணக்குப்பிள்ளை."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. கணக்குப்பிள்ளை என்பது உடம்பே இல்லாத இயந்திரம். கப்பலுக்குள் குரல் மட்டும் கேட்கும். எல்லாம் தெரியும், எதையும் மறக்காது, யார் தப்பாகச் சொன்னாலும் திருத்தும். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார முடியுமா? என் மகளிடம் இருந்த பொம்மையைப் பிடுங்கி விருந்தாளி வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்கும்போது அவள் பார்த்த பார்வை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் தெரசா வளர்ந்த வளர்ச்சி இருக்கிறதே! கப்பல் தலைவர் எல்லோரையும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாள் தெரசா நிமிர்ந்து, "எனக்குப் பேர் இருக்கு," என்றாள். அடுத்த வாரமே காட்டில் சூப்பர்வைசர் "எடீ" என்று கூப்பிட்டதற்குப் புஷ்பம் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். "புஷ்பம்னு விளிக்கணும் சாரே," என்றாள், அரைகுறை மலையாளத்தில். அவர் வாயைப் பிளந்தார். நாங்கள் எல்லோரும் கூடையைக் கீழே வைத்துவிட்டோம். நீ மட்டும் ஒன்றும் ஆகாத மாதிரி காய் எடுத்துக்கொண்டிருந்தாய்.

தெரசா கப்பலுக்கு வெளியே போகிற சின்ன வண்டியை ஓட்டக் கற்றாள். கொஞ்ச நாளில் புஷ்பம் தங்கச்சியின் ஸ்கூட்டியில் விழுந்து எழுந்து, முழங்காலில் கட்டோடு ஜீப் ஏறினாள். தெரசாவைக் கைவிட்டுப் போனவன் பல வருஷம் கழித்துக் கப்பலின் வேறு பகுதியிலிருந்து தண்ணீர் கேட்டு வந்தான். அவள் வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் கொடுத்தாள், குடிக்கும் வரை நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. பொங்கலுக்குப் புஷ்பத்தின் புருஷன் திருப்பூரிலிருந்து வந்து நின்றபோது அவள் அவனை வெளியே உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். "அவ கெட்டிக்காரி," என்று ஊரே பேசியது. நானும் பேசினேன்.

பேசிவிட்டு வீட்டுக்கு வந்து மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். அந்த வருஷங்களில் எனக்கும் கஷ்டம் இல்லாமலா இருந்தது? மாமனார் படுக்கையில் கிடந்தார், வீட்டுக்காரர் குடியைத் தொடங்கியிருந்தார். என் ஆளு என்ன செய்துகொண்டிருந்தது? "கதவு மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் அதே வேலை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், "எல்லாரும் மாறுறாக. என் ஆளு மட்டும் ஏண்டி அப்படியே இருக்கு?"

"அது மெசினுடி. மெதுவாத்தான் மாறும்," என்றாய்.

டிவியில் பார்த்துவிடலாமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கையில் போன் வந்த பிறகு எளிதும்கூட. "நீ பாத்துட்டீன்னா நான் எதுக்கு?" என்று நீ ஒரு முறை கேட்டாய். அந்த ஒரு வார்த்தைக்காகப் பார்க்காமலே இருந்தேன்.

போன காய் எடுப்புக் காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். சிறுநீரகம் என்றார்கள். கதை கடைசி பாகத்துக்கு முன்னால் நின்றுபோனது, நீயும் போனாய். உன் பதினாறாம் நாளன்று எனக்கு ஒன்று தோன்றியது. ஆளு செத்தால் சொந்தக்காரிதானே சுண்டல் கொண்டுவர வேண்டும்? உன் சொந்தக்காரி நான். கொண்டைக்கடலை ஊறப்போட்டு, தேங்காய் திருவிப்போட்டு, பெரிய தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறினேன். பேச்சியம்மா மடியில் ஒரு தூக்கு. அவளுக்கு எதிரே இருந்தவளிடம் ஒரு டப்பா. ஒவ்வொருத்தியும் கொண்டுவந்திருந்தாள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிட ஆளில்லாமல் சாயங்காலம் அத்தனையையும் செக்போஸ்ட் பக்கத்தில் இருந்த ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி, நீ எனக்கு மட்டும் சொந்தமில்லையே என்பதற்காக.

ஜீப் கொஞ்ச நாள் ஊமையாகப் போய்வந்தது. கடைசியில் பேச்சியம்மாதான் கேட்டாள்: "கப்பலு கரை சேந்துச்சா இல்லையான்னு தெரியாமலே போயிருவோமா? நீ படிச்சவ. பாத்துச் சொல்லேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். புஷ்பத்தைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்கள். உத்தமபாளையத்தில் கல்லூரி படிக்கும் என் மகள் போனில் அந்தத் தொடரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் முதலிலிருந்து பார்த்தேன். உன் குரல் இல்லாமல் அந்த முகங்களைப் பார்ப்பது கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பது போல இருந்தது. டெஸ்ஸா ஒல்லியாக, மஞ்சள் முடியோடு இருந்தாள். நகம் கடித்தாள். தண்ணீர் திருடினாள். கிழவரிடம் உண்மையைச் சொன்னாள். அதுவரை நீ சொன்னது எல்லாம் அப்படியே இருந்தது.

இரண்டாம் பாகத்தின் நடுவில் அவள் செத்துப்போனாள்.

ஒரு கதவு மூடுகிறது, அவள் வெளியே மாட்டிக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் எல்லோரும் அழுகிறார்கள். அடுத்த வாரக் கதையில் அவள் பெயர்கூட இல்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். "என்னம்மா, மறுபடி வருவாளான்னு பாக்குறியா?" என்று மகள் கேட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னது, வண்டி ஓட்டியது, வாசலில் தண்ணீர் கொடுத்தது, எதுவும் டிவியில் இல்லை. அதெல்லாம் நீ செய்தது. புஷ்பம் ஜீப் ஏறிய அதே நாட்களில்தான் டெஸ்ஸா செத்திருக்கிறாள். செத்தவளை அவளிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு எத்தனையோ வருஷம், வாரம் தவறாமல், அவளுக்காக நீயே உட்கார்ந்து செய்திருக்கிறாய்.

கணக்குப்பிள்ளை டிவியிலும் அப்படியேதான் இருந்தது. எனக்கு நீ டிவியில் இருந்ததைக் கொடுத்தாய். அவளுக்கு நீ செய்ததைக் கொடுத்தாய். இதற்கு மேல் எனக்குப் பொறுக்க என்ன இருக்கிறது?

கடைசிப் பாகத்தையும் பார்த்து முடித்தேன். நீ பார்க்காதது. கரை சேர்வதற்கு முன்பே கப்பல் தலைவர் சாகக் கிடக்கிறார். "மண் தெரியுதா?" என்று கேட்கிறார். தெரியவில்லை. கணக்குப்பிள்ளை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியுது," என்று சொல்கிறது. அவ்வளவு காலத்தில் அது சொன்ன முதல் பொய். அதை ஜீப்பில் சொன்ன அன்று என்னைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டார்கள். "ஏடி, கணக்குப்பிள்ளையே பொய் சொல்லிருச்சுடி! இனி இவளையும் நம்ப முடியாது!" என்று பேச்சியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சிரித்தேன். பக்கத்தில் நீ இல்லையே என்று இருந்தது.

தெரசாவை மட்டும் தொடாமலே கதையைக் கொண்டுபோனேன். "தெரசா எங்க?" என்று கேட்டால் "வருவா," என்பேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன்: அவள் எப்போதோ செத்துவிட்டாள், நீங்கள் கேட்டதெல்லாம் இல்லாத கதை. புஷ்பம் சுண்டல் அவித்துக் கொண்டுவரட்டும். அந்தச் சுண்டலை நான் ஒரு வாய் தின்ன வேண்டும். இப்படி ஒரு கெட்ட ஆசை எனக்கு இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், புஷ்பம் ஒருநாள்கூடத் தெரசாவைப் பற்றி என்னைக் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று உன்னிடம் சொல்லிவிட்டு மறுநாள் அதைச் செய்வதாக முடிவு செய்து, வெயில் தாழ்வதற்கு முன்பே, உன்னை அடக்கம் செய்த உன் ஊருக்குப் பஸ் ஏறினேன். உன் பிள்ளைகள் சாயங்காலம் ஜெபத்துக்குத்தான் வருவார்கள், கொஞ்ச நேரம் உன்னோடு தனியாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். போய்ப் பார்த்தால் உன் கல்லறைக்கு ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்து முடித்து, மறுபக்கம் அடித்துக்கொண்டிருந்தாள் அவள். தலைமாட்டில் செவ்வந்திப் பூ. பக்கத்தில் ஸ்கூட்டி.

"வாங்க மதினி. இங்கன உக்காருங்க, அங்கன ஈரமா இருக்கு," என்றாள். உன் வீட்டில் என்னை வரவேற்கிறாள்!

நான் உட்காரவில்லை. மறுநாள் வரைக்கும் பொறுக்கவும் முடியவில்லை. "தெரசா செத்துட்டா. ரெண்டாம் பாகத்துலயே செத்துட்டா. தெரியுமா ஒனக்கு?" என்றேன்.

அவள் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை நிறுத்தவில்லை. "தெரியும் மதினி."

"எப்படி?"

"எப்பவோ போடில தங்கச்சி வீட்டு டிவில பழைய பாகத்தத் திரும்பப் போட்டான். அந்தக் கதவு மூடுனதும் டிவிய அமத்திட்டேன். மறுநாளு ஏறுனதும் அக்காகிட்டக் கேட்டேன். 'டிவிக்காரக கொன்னுட்டாக, அதுக்கு நான் என்ன செய்ய? நம்ம ஜீப்புல ஏறுன பொம்பளைய நடுவழியில எறக்கிவிடச் சொல்றியா?'ன்னாக. அதுக்குப் பெறகு நான் கேக்கவே இல்ல."

தெரிந்துகொண்டே அத்தனை வருஷமும் "பெறகு?" "பெறகு?" என்று உன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு, என் கண் முன்னால், தினமும். ஈரத்திலேயே உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட இருந்தத ஏன் புடுங்கி ஒனக்குக் குடுத்தா? எங்கிட்டயே வச்சிருந்தா என்ன?"

புஷ்பம் இப்போதுதான் மட்டையை வாளியில் போட்டாள். "அதையும் கேட்டேன் மதினி. மதினிக்கு அவ மேல உசுராச்சே, அவககிட்டயே இருந்திருக்கலாமேன்னு. 'அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது புஷ்பம். ஒரு கேள்வி கேப்பா, நான் மாட்டிக்கிருவேன். பெறகு தெரசாவ அன்னைக்கே பொதைக்க வேண்டியதுதான். அவ கைல இருந்தா செத்துப்போவா, ஒன் கைல இருந்தா பொழச்சுக்கிருவா'ன்னு சொன்னாக."

அவள் அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். உன்னால் பொய் சொல்ல முடியாத ஒரே ஆள் நான் என்பது பெரிய பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உண்மை டிவி வைத்திருக்கிற எல்லோருக்கும் கிடைக்கிறது. பொய்யை நீ ஒருத்திதான் செய்தாய். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாரம், எனக்காக, நீ ஒரு பொய்யைச் செய்திருக்கலாம். கண்டுபிடித்திருப்பேன்தான். கண்டுபிடித்துவிட்டு, சொல்லாமல் இருந்திருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை. நீ என்னைச் சரியாகத்தான் அளந்திருக்கிறாய். அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

மெழுகுவர்த்தியை இரண்டு பேருமாக ஏற்றினோம். காற்றில் அணைந்தது. அவள் சேலையால் மறைத்தாள், நான் மறுபடி ஏற்றினேன். திரும்பும்போது ஸ்கூட்டியில் ஏறச் சொன்னாள். ஏறினேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள்.

மறுநாள் ஜீப்பில் பேச்சியம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள்: "தெரசா வருவா வருவாங்கிற. எப்பத்தான் வருவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புஷ்பம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"தண்ணி ரூம்லதான் இருக்கா," என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் அடுத்த வரி எனக்கு வரவில்லை. பொய் இவ்வளவு வேலை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ காய் எடுக்கும்போதும் களை பறிக்கும்போதும் சில நேரம் ஊமையாக இருப்பாயே, அது களைப்பில்லை, அவளுக்கு அடுத்து என்ன செய்வது என்று யோசித்திருக்கிறாய் என்று அப்போதுதான் உறைத்தது. உன் தெரசாவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்த்தேன். நீ அவளுக்குத் தைரியம் கொடுத்தாய், ரோஷம் கொடுத்தாய், மன்னிக்கும் மனசு கொடுத்தாய். போகப் போக ரொம்பவும் நல்லவளாகிவிட்டாள். ஒன்றை மட்டும் நீ அவளுக்குக் கொடுக்கவே இல்லை. உன்னிடம் அது இல்லாததால் உனக்குத் தோன்றியிருக்காது. என்னிடம் நிறைய இருந்தது. உன்னால் வந்தது, உன்னோடு போகாதது, நான் தினமும் கம்பத்திலிருந்து மெட்டு வரை சுமந்து போய் மறுபடி சுமந்து வருவது. அதைக் கொடுத்தேன்.

"தண்ணி ரூமுக்குப் புதுசா ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கா," என்றேன். "தெரசாவோட ரொம்ப நாளு சிநேகிதி ஒருத்தி இருக்கா. அவ அந்தப் புதுப்பிள்ளையக் கூட்டிட்டுப் போயி சின்ன வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்குறா. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போறாக. தெரசா கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு நிக்கிறா. அவளுக்கு வயிறு எரியுது. இம்புட்டு வருசத்துல அவளுக்கு அப்படி எரிஞ்சதே இல்ல. கைல இருந்த தண்ணிய அப்படியே கீழ விட்டுட்டா."

டிரைவர் அண்ணன்கூட பாட்டை நிறுத்திவிட்டார். பேச்சியம்மா "அடிப் பாவி," என்றாள் மெதுவாக, தெரசாவைத்தான். கதவு எந்தப் பக்கம், கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

புஷ்பம் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் புதுப்பிள்ளைக்கு இது தெரியுமா மதினி?"

"இப்பத் தெரிஞ்சுபோச்சு," என்றேன்.